பழைய பெட்ரோல் வண்டிக்குப் புது கார்புரேட்டர், புது டிஸ்ட்ரிபியூட்டர்: எதில் முதலில் கை வைப்பது?

பண்ருட்டித் தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாத்தா வாங்கிய மஹிந்திரா எஃப்சி-150, மூக்கு இல்லாத அந்தப் பழைய சின்ன லாரி. பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றிய வண்டி, டீசலுக்கு மாற்றாமல் இன்னும் அதே ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினிலேயே இருக்கிறது. காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டர் ஒழுகியது, பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் புஷ் தேய்ந்து ஷாஃப்ட் ஆடியது, அதனால் பாண்டிச்சேரியில் வாங்கிய புதுசு இரண்டையும் ஒரே நாளில் மாட்டியாகிவிட்டது. அதிலிருந்து ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது, இன்ஜின் நிற்காமல் ஓடுவதில்லை, ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறி கார்புரேட்டர் வாய் வழியாக டப்பென்று அடிக்கிறது, கொஞ்ச தூரம் ஓடினால் சூடு ஏறுகிறது. மெக்கானிக் தினமும் ஸ்லோவுக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்க்கிறார். ஸ்க்ரூ எத்தனை சுற்று, டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) எத்தனை டிகிரி என்பது கேள்வி.

எண்ணை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்க்ரூவை மெதுவாக அடிவரை இறுக்கிவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே. டைமிங், முதல் சிலிண்டர் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன்னால். இரண்டும் சரியான எண்தான், ஆனால் அப்படியே வைத்தாலும் உங்கள் வண்டி திணறுவதை நிறுத்தாது என்றுதான் நினைக்கிறேன். இரண்டு பாகத்தை ஒரே நாளில் மாற்றியதால் எது தொல்லை கொடுக்கிறது என்று பிரித்தறிய வழியில்லாமல் போய்விட்டது, உங்கள் உண்மையான சிக்கல் அதுதான். அதைப் பிரிக்கும் வழியைச் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, கடலூர் முதுநகரில் பட்டறை வைத்து, பெட்ரோல் ஜீப்பும் அம்பாசடரும் பத்மினியும் பார்த்தே காலம் ஓட்டியவன் நான். கார்புரேட்டர் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வந்த வண்டிகளில் பாதிக்குமேல் கரண்ட் கோளாறுதான். ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் வேலை சுலபம். டைமிங் லேட்டாக இருந்தால் இன்ஜினுக்கு ஸ்லோவில் பலம் இருக்காது. அணையாமல் நிற்பதற்காக மெக்கானிக் ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை உள்ளே ஏற்றுவார். அப்போது கார்புரேட்டரின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கொஞ்சம் திறந்துகொள்ளும். திறந்தால் பெட்ரோல் மிக்சர் ஸ்க்ரூ வழியாக மட்டும் வராமல், அதற்கு மேலே உள்ள சின்னச் சின்னத் துளைகள் வழியாகவும் வர ஆரம்பிக்கும். அதன் பிறகு மிக்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் இன்ஜின் சத்தத்தில் மாற்றம் தெரியாது. ஸ்க்ரூ வேலை செய்யவில்லை, கார்புரேட்டர் டூப்ளிகேட் என்று முடிவுகட்டி இன்னொன்று வாங்குவார்கள். தப்பு டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்திருக்கும். அதனால் கரண்டை முடித்துவிட்டுத்தான் பெட்ரோல் பக்கம் போக வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வு இடைவெளி. இந்த இன்ஜினில் இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில். மேலே கவரைக் கழற்றி நான்கை மட்டும் பார்த்துவிட்டு, கீழே பக்கவாட்டில் ஒளிந்திருக்கும் எக்ஸாஸ்டை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.018 இஞ்ச், எக்ஸாஸ்ட் 0.016 இஞ்ச். எக்ஸாஸ்ட் வால்வு இறுகிப்போய் முழுசாக மூடாமல் இருந்தால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. கம்ப்ரஷனும் நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர். நீங்கள் போட்டது எந்த வகை என்று எழுதவில்லை, அதுதான் முக்கியம். இந்த இன்ஜினுக்கு முதலில் வந்த ஆட்டோலைட் வகையில் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் முனைகள்) கேப், அதாவது இடைவெளி, 0.020 இஞ்ச், அரை மில்லிமீட்டர். நம்ம ஊரில் மாற்றாகக் கிடைப்பது பெரும்பாலும் லூகாஸ் வகை. அதில் 25டி4 என்றால் கேப் 0.014 முதல் 0.016 இஞ்ச்தான், மில்லியில் 0.35 முதல் 0.40. பாயிண்டைத் திறப்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் கேம், அந்தக் கேமின் வடிவம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே கேப் இன்ஜினைப் பொறுத்ததல்ல, டிஸ்ட்ரிபியூட்டரைப் பொறுத்தது. பழைய ஜீப் புத்தகத்தைப் பார்த்து லூகாஸில் அரை மில்லி வைத்தால் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைந்து, பிளக்குக்குக் கரண்டை ஏற்றித் தரும் காயில் முழுசாகச் சார்ஜ் ஆகாது. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஸ்பார்க் பலவீனமாகி மிஸ் அடிக்கும். பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளக்கும் டுவெல் மீட்டர் உள்ள பட்டறை கிடைத்தால் 25டி4-க்கு 60 டிகிரி, மூன்று கூடலாம், மூன்று குறையலாம். பிளக் கேப் மட்டும் இன்ஜினைப் பொறுத்தது: 0.030 இஞ்ச், முக்கால் மில்லி. இன்னொன்று, கேப்பைக் கூட்டினால் டைமிங் முன்னால் போகும், குறைத்தால் பின்னால் வரும். அதனால் கேப்பை வைத்த பிறகுதான் டைமிங். டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் டைமிங்கைத் திரும்பவும் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து சுழலும் திசை. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, நடுவில் உள்ள ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகு ரோட்டாரைக் கையால் பிடித்து அதே பக்கம் லேசாகத் திருப்புங்கள். கொஞ்சம் நகர்ந்து, விட்டதும் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கு வந்தால் நல்லது. எதிர்ப்பக்கம்தான் நகர்கிறது என்றால் அது எதிர்த் திசையில் சுற்றும் வேறு வண்டிக்குச் செய்தது. அடியில் ஷாஃப்ட் பொருந்தும், வண்டியும் ஸ்டார்ட் ஆகும், ஆனால் வேகம் ஏற ஏற டைமிங் முன்னால் போவதற்குப் பதிலாகப் பின்னால் போகும். ஸ்லோவில் 5 டிகிரி சரியாகக் காட்டிவிட்டு, ஓட்டத்தில் இழுவை இல்லாமல் சூடு ஏறும். உங்கள் வண்டி சூடாவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் இதை விடாதீர்கள். திரும்பி வராமல் பிசுபிசுவென்று நின்றுவிட்டால் வேகம் ஏறும்போது டைமிங்கை முன்னால் தள்ளும் வெயிட் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துச் சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

வேக்குவம் அட்வான்ஸ், அதாவது இன்ஜினின் காற்று இழுப்பால் டைமிங்கை முன்னால் தள்ளுவது, இன்னொரு விஷயம். இந்த இன்ஜினின் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்குவம் டப்பாவே கிடையாது, வெயிட் மட்டும்தான். புதியதில் டப்பா இருந்தால் அதன் குழாயை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். கார்புரேட்டரில் த்ராட்டில் தகட்டுக்குச் சற்று மேலே ஒரு துளை இருந்தால் அதில்தான் வர வேண்டும். அங்கே ஸ்லோவில் இழுப்பு இருக்காது, மிதித்த பிறகுதான் வரும். அது இல்லையென்று நேராக மேனிபோல்டில் சொருகிவிட்டால், ஸ்லோவிலேயே டைமிங் பல டிகிரி முன்னால் ஓடிவிடும், மிதித்த நொடியில் விழும், அப்போது திணறும். கார்புரேட்டரில் அந்தத் துளை இல்லையென்றால் டப்பாவைச் சும்மா விடுங்கள், மேனிபோல்டு பக்கத்து ஓட்டையை அடையுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையலாம், இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை. டப்பா நல்லதா என்று பார்க்க, குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பாயிண்ட் தகடு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நாக்கை விட்டுப் பிடி தளர்ந்துகொண்டே வந்தால் டயாஃப்ரம் கிழிசல்.

டைமிங் வைக்க டைமிங் லைட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, கிராங்கைக் கையால் சுற்றுங்கள்; விரலைக் காற்று தள்ளும் சுற்றுதான் கம்ப்ரஷன். புல்லிக் கோட்டை 5 டிகிரி முள்ளுக்கு நேராக நிறுத்துங்கள். சில இன்ஜினில் குறி ஃப்ளைவீலில், பெல் ஹவுசிங்கில் உள்ள சின்ன ஓட்டைக்குள் இருக்கும். 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு வயரைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் முனையிலும், இன்னொன்றை எர்த்திலும் கொடுத்து, சாவியைப் போடுங்கள். பாடியை ரோட்டார் சுற்றும் பக்கமே கொஞ்சம் திருப்பினால் பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கம் மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து, பல்பு எரிந்த அந்த இடத்தில் இறுக்குங்கள். பல்பு எரிவதென்றால் பாயிண்ட் திறந்துவிட்டது என்று பொருள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2, ரோட்டார் சுற்றும் திசையிலேயே வயர் வர வேண்டும்.

அந்த 5 டிகிரிக்குத் திருப்ப டிஸ்ட்ரிபியூட்டரில் இடமே இல்லை என்றால் ஆயில் பம்ப்பைச் சந்தேகப்படுங்கள். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டுவது ஆயில் பம்ப் ஷாஃப்ட். இரண்டும் சேரும் நாக்கு மையம் தள்ளி இருப்பதால் ஒரே மாதிரிதான் உட்காரும். எப்போதோ பம்ப்பைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால் எல்லாமே தள்ளிப்போகும். பம்ப்பைச் சரியான பல்லில் மாட்டுவதுதான் தீர்வு, பிளக் வயரை இடம் மாற்றிச் சமாளிக்க வேண்டாம்.

பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கண்டென்சர் பற்றி ஒரு வார்த்தை. மலிவான கண்டென்சர் ஆறியிருக்கும்போது நன்றாக வேலை செய்து, சூடானதும் கைவிடும். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள், பாயிண்ட் முனையில் மஞ்சளாகப் பெரிய பொறி பறந்தால் கண்டென்சர்தான். பழைய கண்டென்சர் நன்றாக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். காயில் ஓம் எவ்வளவு என்றும் பாருங்கள்: ரெசிஸ்டர் இல்லாமல் நேராக 12 வோல்டில் ஓடும் காயில் 3 ஓம் பக்கம் காட்டும், ஒன்றரை ஓம் காட்டினால் அது ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில், நேராகக் கொடுத்தால் பாயிண்ட் சீக்கிரம் கருகிவிடும். நம் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்று எர்த் வயரைத் தின்றுவிடும், இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினைப் பார்த்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் பிளக் வயரிலும் நீல நிறத்தில் கரண்ட் ஊர்வது இருந்தால் தெரிந்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் இது நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகு கார்புரேட்டர். உங்கள் வண்டியில் இன்ஜின் மூடி கேபினுக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோல் ஆவி வெளியே போக வழியில்லாமல் சீட்டுக்கிடையே தங்கும். இரண்டு கதவையும் திறந்து வைத்து, தீயணைப்பு சிலிண்டரைக் கை எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இன்ஜினை அணைத்துவிட்டு ஏர் கிளீனரைக் கழற்றி, டார்ச் அடித்து கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடியே த்ராட்டிலைக் கையால் சட்டென்று திறவுங்கள். திறந்த அதே கணம் மெல்லிய கம்பி மாதிரி பெட்ரோல் பாய வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டாக வந்தாலோ, வராமலே போனாலோ உங்கள் திணறலுக்கு ஆக்சிலேட்டர் பம்ப்தான் காரணம். அதை மிக்சர் ஸ்க்ரூவால் சரிசெய்யவே முடியாது. புது கார்புரேட்டரிலும் பம்ப் லிங்க் தப்பான ஓட்டையில் மாட்டப்பட்டிருக்கலாம், பம்ப்பின் சின்ன வால்வு காய்ந்து ஒட்டியிருக்கலாம். அப்படியே சோக் (காற்றைக் குறைக்கும் மேல் தகடு) முழுக்கத் திறக்கிறதா, ஒருவர் பெடலைத் தரைவரை மிதித்தால் த்ராட்டில் முழுக்கத் திறக்கிறதா என்றும் பாருங்கள். ஃப்ளோட் லெவல் அந்தக் கார்புரேட்டருக்கு உரிய அளவில் இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் எலக்ட்ரிக் பம்ப்பை யாராவது மாட்டியிருந்தால் அதன் அழுத்தத்துக்கு நீடில் வால்வு தாங்காது. இந்த இன்ஜினின் மெக்கானிக்கல் பம்ப் கொடுப்பது மூன்று, மூன்றரை பி.எஸ்.ஐ.தான்.

காற்று திருட்டு இருக்கிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். இந்த இன்ஜினில் இன்டேக் மேனிபோல்டு தனியாக இல்லை, ஹெட்டோடு சேர்ந்த வார்ப்பு. எனவே காற்று திருடக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான்: கார்புரேட்டர் அடிப் பேக்கிங், வைப்பர் வேக்குவம் குழாய், கிராங்க்கேஸ் வென்டிலேஷன் வால்வு, த்ராட்டில் ஷாஃப்ட். ஸ்லோவில் ஓடும்போது அந்த இடங்களில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவுங்கள், இன்ஜின் சத்தம் மாறினால் அங்கேதான் ஓட்டை. பெட்ரோல் தெளித்துப் பார்ப்பது நம்ம ஊர்ப் பழக்கம், கேபினுக்குள் இன்ஜின் உள்ள வண்டியில் அதைச் செய்யவே கூடாது. புது கார்புரேட்டரின் அடித்துளை பழையதைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்து பேக்கிங் ஓரம் திறந்து கிடப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன்.

பிறகு ஸ்க்ரூ. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரட்டும், சோக் திறந்திருக்கட்டும். ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவை, இன்ஜின் அணையாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் வைத்து, மிக்சர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றிலிருந்து கால் கால் சுற்றாக உள்ளே விடுங்கள். உள்ளே விட்டால் பெட்ரோல் குறையும், வெளியே விட்டால் கூடும். ஒவ்வொரு முறையும் இன்ஜின் நிதானமாகும்வரை காத்திருங்கள். மிஸ் அடிக்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து வெளியே வந்து, சத்தம் சீராகி வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தைப் பிடித்து, ஸ்லோ ஸ்பீடைக் குறைத்து 600 பக்கம் கொண்டுவாருங்கள். குறைத்ததும் மிக்சரை மறுபடி தொட வேண்டியிருக்கும், இரண்டு மூன்று தடவை மாறி மாறிச் செய்தால் படிந்துவிடும். வேக்குவம் கேஜ் இருந்தால், கடல்மட்டத்தில் இருக்கிற நமக்கு 17 முதல் 21 இஞ்ச் வரை முள் ஆடாமல் நிற்க வேண்டும். ஸ்க்ரூவை முழுக்க இறுக்கியும் இன்ஜின் அணையவில்லை என்றால் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறது, லேட் டைமிங் பற்றி முதலில் சொன்ன அதே கதைதான்.

ஓட்டத்தில் திணறலுக்குச் சுலபமான சோதனை சோக். திணறும் வேகத்தில் சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். சரியானால் பெட்ரோல் போதவில்லை, மோசமானால் பெட்ரோல் அதிகம், ஒரு மாற்றமும் இல்லையென்றால் திரும்பவும் கரண்ட் பக்கம் போங்கள். கார்புரேட்டர் வழியாக டப்பென்று அடிப்பது பெரும்பாலும் பெட்ரோல் போதாமையைக் காட்டும், சைலன்சரில் வெடிப்பது பெரும்பாலும் பெட்ரோல் அதிகத்தையோ லேட் டைமிங்கையோ காட்டும். இங்கே பெரும்பாலும் என்று சொல்வது வேண்டுமென்றேதான், இன்டேக் வால்வு ஒட்டினாலும் ஒயர் மாறினாலும் மேலே அடிக்கும்.

உங்கள் வண்டி பெட்ரோல் போதாமல்தான் தவிக்கிறது என்பது என் ஊகம், அதற்கு இப்போதைய பெட்ரோலும் ஒரு காரணம். இந்த இன்ஜின் வந்த காலத்தில் பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது, கடலூரில் போட்டாலும் விலை குறைவென்று பாண்டிச்சேரியில் போட்டாலும் அதேதான். வெறும் பெட்ரோல் எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். கலந்தால் 13.5 பக்கம் வருகிறது. அதாவது அதே ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடும். சோலெக்ஸ் கம்பெனி கார்புரேட்டரின் மெயின் ஜெட்டில் உள்ள எண் துளையின் அளவு, மில்லியின் நூறில் ஒரு பங்கில்: 120 என்றால் 1.20 மில்லி. 120-க்குப் பதில் 125 போட்டால் துளைப் பரப்பு எட்டு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் கூடும், கணக்குக்குப் பொருந்துகிறது. ஆனால் இது கடைசி வேலை. காற்றுத் திருட்டும் பம்ப்பும் டைமிங்கும் சரி என்று உறுதியான பிறகும் சோக் இழுத்தால்தான் ஓடுகிறது என்றால் மட்டும் ஒரு அளவு பெரிய ஜெட். பழைய ஜெட்டைக் கம்பி விட்டுக் குடைந்து பெரிதாக்காதீர்கள், திரும்பிப் போக வழியிருக்காது. கூடவே பழைய ரப்பர் ட்யூபையும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அதை உள்ளிருந்து உரித்து, அந்தத் துணுக்கு நேராக ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டில் போய் அடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். பண்ருட்டி பக்கம் ரோடு தட்டை, இழுவை தெரியாது. கடலூர் வந்தால் கேப்பர் மலை ஏற்றம் இருக்கிறது. டாப் கியரில் ஏறும்போது லேசாக மிதித்தாலே கிணுகிணுவென்று நாக்கிங் கேட்டால் டைமிங் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி பின்னால். சத்தமே இல்லாமல் சோர்ந்து ஏறினால் முன்னால். கம்ப்ரஷன் ஏழுக்கு ஒன்று என்ற அளவில் உள்ள இன்ஜின், சுலபத்தில் நாக் ஆகாது, எனவே சத்தம் வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஏற்றம் முடிந்து ஓரம் நிறுத்தி நாலு பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்துப் போயிருந்தால் குறைவு. இந்தப் பெட்ரோலில் பழைய செங்கல் நிறம் வருவதில்லை, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நாலில் ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் அது கார்புரேட்டர் விஷயம் இல்லை, அந்தச் சிலிண்டரின் வால்வு அல்லது வயர்.

கேப் டிஸ்ட்ரிபியூட்டரைப் பொறுத்தது, கரண்டுக்குப் பிறகுதான் பெட்ரோல், பம்ப் பாயாமல் திணறல் போகாது என்பதெல்லாம் உறுதியாகச் சொல்வேன். ஜெட் பற்றிச் சொன்னது ஊகம், இன்ஜின் சத்தத்தைக் கேட்காமல் அதற்கு மேல் போவது முறையல்ல. சூடு ஏறுவதற்கு ரேடியேட்டர் அடைப்பே காரணமாகவும் இருக்கலாம். அதனால் மூன்று விஷயம் பார்த்து எழுதுங்கள் தம்பி: டிஸ்ட்ரிபியூட்டர் பாடியில் அடித்திருக்கும் எண், ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பது, திணறும்போது சோக் இழுத்தால் என்ன ஆகிறது என்பது. அதுவரை மிக்சர் ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்றில் விட்டு, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.